தோற்கத் தெரிந்த வில்லன்

'என்டர் தி டிராகன்' பார்த்த யாரைக் கேட்டாலும் அந்தக் கண்ணாடி அறைச் சண்டையைச் சொல்வார்கள். நெஞ்சில் ரத்தக் கீறல்களோடு நிற்கும் புரூஸ் லீ கண்ணுக்குள்ளேயே இருப்பார். எதிரில் இரும்புக் கையோடு நின்ற ஹான் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர் ஷி கீன். 1973-இல் அந்தப் படத்தை எடுத்தபோது புரூஸ் லீக்கு 32 வயது, இவருக்கு 60. இங்கிலீஷ் வராது என்பதால் ஹானுக்குக் குரல் கொடுத்தவர் கீ லூக் என்ற நடிகர். ஆக, உலகமே அவரைப் பார்த்த படத்தில் அவர் குரல்கூட இல்லை.

என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1949-இல் இயக்குநர் வூ பாங், வோங் ஃபெய்-ஹுங் என்ற நிஜ குங்ஃபூ ஆசானை வைத்து, ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில் ஒரு படம் எடுத்தார். ஹீரோ குவான் டாக்-ஹிங், வில்லன் ஷி கீன். படம் ஓடியது. அப்புறம் விடுவார்களா? 1956-இல் மட்டும் இந்த வரிசையில் 25 படங்கள்! மாதத்துக்கு இரண்டு. பெரும்பாலானவற்றில் குவானிடம் அடி வாங்கியவர் இவர்தான்.

அதுவரை வாள்வீரர் படம் என்றால் பறப்பதும், கையிலிருந்து ஒளி பாய்வதும்தான். வூ பாங் நிஜமான அடிமுறைகளைக் காட்ட நினைத்தார். குவான் கான்டனீஸ் இசை நாடக மேடையிலிருந்து வந்தவர். ஷி கீனோ சின் வூ சங்கத்தில் முறையாகத் தற்காப்புக் கலை பயின்றவர். ஒரு குத்து விழுந்ததாக நாம் நம்புவது குத்துபவரால் மட்டும் இல்லை. எதிராளி சரியான நொடியில் தோளைத் திருப்ப வேண்டும், கால் இடற வேண்டும், அதற்கு முன் நிஜமாகவே பயமுறுத்தியிருக்க வேண்டும். வித்தை தெரியாதவரால் இப்படித் தோற்க முடியாது. குவானின் ஆசான் கம்பீரத்தில் பாதி இவர் கொடுத்தது என்பேன். குவான் ரசிகர்கள் கோபப்படலாம், சரி, படட்டும்.

அந்த முகத்தை நல்லவனாகப் பார்க்க ஆசையா? 1980-இல் ஜாக்கி சான் இயக்கிய 'தி யங் மாஸ்டர்' பாருங்கள். நடிகர் யுவென் பியாவோவின் அப்பாவாக, வயதான போலீஸ் அதிகாரியாக வருவார். ஜாக்கியைப் பிடிக்க அந்தக் கிழவர் படும் பாடு அவ்வளவு சிரிப்பு.

2009-இல், 96 வயதில் காலமானார். என்டர் தி டிராகனை அடுத்த முறை போடும்போது, கடைசிச் சண்டையில் லீயை விட்டுவிட்டு ஹானை மட்டும் பாருங்கள்.