மாத்திரையைக் கொடுத்தால் போதுமா?

கர்ப்பிணிக்கு இரத்தசோகை என்றதும் பழி அவள்மேல்தான் விழுகிறது. "மாத்திரை கொடுத்தோம், அவள் ஒழுங்காகப் போடவில்லை." வளரும் நாடுகளின் தாய்மை நலம் பற்றிய பேச்சில் எனக்கு ஆத்திரமூட்டுவது இந்தச் சமாதானம்தான்.

மாத்திரை அட்டையோடு வீடு திரும்புகிறவளை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே மசக்கை. இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் குமட்டல் கூடுகிறது, மலச்சிக்கல் வருகிறது. பிறகு மலம் கறுத்துப் போகிறது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து அட்டையை ஓரமாக வைத்துவிடுகிறாள். மலம் கறுப்பது இயல்பு, சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், தேநீரோடு போட்டால் இரும்புச்சத்து சரியாகச் சேராது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதைச் சொல்ல ஆளில்லை. பதிவேட்டிலோ 'வழங்கப்பட்டது' என்று ஏறிவிடுகிறது. எத்தனை போட்டாள், ஏன் நிறுத்தினாள் என்பதும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும். கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. எட்டு முறையும் எடை மட்டும் பார்த்து அனுப்பினால் என்ன பயன்?

இதில் போவது உயிர். பிரசவத்தையொட்டிய மரணங்களுக்கு முதன்மைக் காரணம் உதிரப்போக்கு. தேறிய உடம்பு தாங்கிவிடும் இழப்பை, ஹீமோகுளோபின் 7 கிராமுக்கும் கீழே போன உடம்பு தாங்காது. 2023இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் ஏழை நாடுகளையும் கீழ்நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

சோகைக்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. மலேரியாவும், குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவும் இருக்கும் இடத்தில் அவற்றை விட்டுவிட்டு இரும்புச்சத்தை மட்டும் கொடுத்துப் பலனில்லை. ஆனாலும் சாப்பாட்டைக் கேட்காமல் எதுவும் நடக்காது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் கடுமையான சோகையை ஆராய்ந்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் ஃபோலேட் என்ற வைட்டமின் என்பது பின்னாளில் தெரியவந்தது.

அந்த ஃபோலேட்டையும் நாம் தாமதமாகத்தான் கொடுக்கிறோம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று பலருக்கு அப்போது தெரிந்திருக்கவே தெரியாது. ஃபோலேட் குறைவால் அந்தக் குழல் சரியாக மூடாமல் போகும் குறையை, மூன்றாம் மாதத்தில் பதிவு செய்து வாங்கும் மாத்திரை தடுக்காது.

ஆகவே வளரிளம் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் வாரந்தோறும் மாத்திரை கொடுக்கும் திட்டங்கள் நல்லவைதான். ஆனால் படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு அது எட்டாது. சிறு வயதில் கல்யாணமாகி, தன் உடம்பே வளர்ந்து முடிவதற்குள் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளும் பெரும்பாலும் அவள்தான். திட்டம் போடுகிறவர்கள் அவள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும்.