ஒரு கொத்து முடியை எடுக்க இவ்வளவு பாடா?

பாத்டப் வடிகாலை வடிவமைக்கிற புண்ணியவான்களில் ஒருவராவது, அதில் அடைத்துக்கொண்ட முடியைத் தன் கையால் எடுத்திருப்பாரா? வாய்ப்பே இல்லை. எடுத்திருந்தால் அந்த மூடியை இப்படிச் செய்திருக்க மனம் வராது.

குளித்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வரை அழுக்குத் தண்ணீர் ஏறி நிற்கிறது. உடம்பிலிருந்து கழுவிவிட்ட அத்தனை அழுக்கிலும் காலை ஊறவைத்துக்கொண்டுதான் குளித்து முடிக்க வேண்டும். அது அழுது வடிந்து முடித்த பிறகு தொட்டியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கசட்டுக் கோடு. அதைத் தேய்ப்பது யார்? நான்தான். இந்த வீட்டில் இத்தனை பேர் குளிக்கிறார்கள், அத்தனை பேர் காலும் அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறது. "தண்ணி கொஞ்சம் மெதுவாப் போகுது" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை. சொன்னதோடு கடமை முடிந்தது, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம் ஆரம்பிக்கும், அது யாருடைய முடி என்கிற வழக்கு. நீள முடிக்காரரைக் குட்டை முடிக்காரர் கை காட்டுவார். நல்ல ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். இந்த விஷயத்தில் நிரபராதி யாரும் இல்லை. வழுக்கை விழுந்தவருக்கும் தாடி இருக்கிறது.

சரி, முடியாவது எங்கேயோ பாதாளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. வடிகால் வாய்க்குச் சற்றுக் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பிகள் இருக்கும். பெரும்பாலான தொட்டிகளில் முதல் முடி மாட்டுவது அந்தக் கம்பியில்தான். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அதன்மேல் அடுத்தது. கடின நீராக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெண்கசடாகி முடியோடு முடியைப் பிணைத்துவிடும். உடம்பு எண்ணெயும் கண்டிஷனரும் மேலே பூசிக்கொள்ளும். ஆக, எதிரி விரல் நீளத்துக்குள்தான் இருக்கிறான். எட்டிப் பிடுங்கினால் வந்துவிடுவான். ஆனால் பிடுங்க முடியாது, ஏனென்றால் மேலே மூடி இருக்கிறது.

என் வயிற்றெரிச்சலெல்லாம் இந்த மூடியின் மேல்தான். எது எப்படிக் கழலும் என்று வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. ஒரு வகையில் குமிழைத் தூக்கித் திருப்பித் திறக்க வேண்டும். அதைக் கழற்றலாம் என்று பார்த்தால், குமிழின் பக்கவாட்டில் கடுகளவு ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். அதற்குச் சரியான அளவில் ஆறு பக்கச் சாவி வேண்டும், அந்த அளவு மட்டும் வீட்டில் இருக்காது. இன்னொரு வகையைக் கால் கட்டைவிரலால் அழுத்தினால் மூடும், திரும்ப அழுத்தினால் திறக்கும். அதைக் கழற்ற, கீழேயுள்ள தண்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மேல்மூடியை மறு கையால் இடப்பக்கம் சுற்ற வேண்டும். சோப்பு வழுக்கும் அந்த இடத்தில், ஒரு விரல்கூட ஒழுங்காக நுழையாத அந்தச் சந்தில், எதைப் பிடிப்பது? மூன்றாவது வகைக்கு வாயில் மூடியே இருக்காது. தொட்டியின் சுவரில் இருக்கும் சின்ன நெம்புகோல்தான் உள்ளே ஒரு கம்பியை ஏற்றி இறக்கும். அந்தத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றி, கம்பியை மொத்தமாக வெளியே உருவ வேண்டும். உருவும்போது அதன் நுனியில் தொங்கிக்கொண்டு வருவதைப் பற்றி எழுதினால் இன்றைக்குச் சாப்பிட முடியாது.

இதெல்லாம் ஒரு பக்கம் என்றால், யோசனை சொல்கிற கூட்டம் இன்னொரு பக்கம். "சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊத்து, நுரைச்சுக்கிட்டு எல்லாம் போயிடும்!" ஐயா, அம்மா, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு, கரியமில வாயுவும் சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீரும்தான் மிஞ்சும். இவை எதுவும் முடியைக் கரைக்காது. நுரை தள்ளிவிடும் என்பதும் வேலைக்கு ஆகாத பேச்சு, மேலே வாய் திறந்திருக்கிற குழாயில் வாயு அடைப்போடு மல்லுக்கு நிற்காமல் மேலேதான் வரும். பார்க்க அழகாகப் பொங்குகிறது, அவ்வளவுதான். அழகு பார்க்கிற நிலையிலா நான் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்?

அடுத்த ஆள், "கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்து" என்பார். பி.வி.சி. கழிவுக் குழாய்கள் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும். கொதிநீர் 100 டிகிரி. குழாய் இளகி இணைப்பு விட்டுக்கொண்டால், தொட்டிக்கு அடியில் எவருக்கும் தெரியாமல் ஒழுகும். அதைச் சொன்னவர் வந்து தரையைப் பெயர்த்துப் பார்ப்பாரா?

ரசாயனப் புட்டிக்காரர்கள் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள். பெரும்பாலான புட்டிகளில் இருப்பது காஸ்டிக் சோடா. அது முடியைக் கரைக்கும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் முழுதாக அடைத்துக்கொண்ட குழாயில் அது கீழே போகவே போகாது. தேங்கிய தண்ணீரில் கலந்து தொட்டியிலேயே நிற்கும். இப்போது உங்களிடம் இருப்பது அதே அடைப்பு, கூடவே ஒரு தொட்டி நிறையத் தோலைப் பொசுக்குகிற தண்ணீர். அதில் பிளஞ்சரை, அதாவது அடைப்பெடுக்கும் பிடி வைத்த ரப்பர் கிண்ணத்தை, போட்டுக் குத்தினால் தெறிப்பது கண்ணில். பொறுமை கெட்டு இன்னொரு புட்டியையும் ஊற்றுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. முதலில் ஊற்றியதில் பிளீச் இருந்து, அடுத்து ஊற்றியது அமிலமாக அமைந்தால் கிளம்புவது குளோரின் வாயு. காற்றோட்டமில்லாத குளியலறையில் ஒரு கொத்து முடிக்காக மூச்சை விடவா?

பிளஞ்சர் என்றதும் இன்னொன்று. தொட்டிச் சுவரில் மேலே ஒரு துளை இருக்கிறதே, தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க வைத்தது, அதை ஈரத்துணியால் இறுக அடைக்காமல் கீழே எவ்வளவு குத்தினாலும் அழுத்தமெல்லாம் அந்தத் துளை வழியாகப் போய்விடும். தட்டையான கிண்ணம் உள்ள பிளஞ்சர் வேண்டும், அது மூழ்கும் அளவுக்காவது தண்ணீர் நிற்க வேண்டும். தோள் கழன்று விழும் வரை குத்துகிறவர்கள் பாதிப் பேருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிளஞ்சர் விற்கும்போது அதன்மேல் நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

கடைசியில் வேலைக்கு ஆவது என்ன தெரியுமா? கையுறை, ஒரு டார்ச், பக்கவாட்டில் முள் முள்ளாக இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. மூடியைக் கழற்று, பட்டையை விடு, திருப்பு, இழு. வரும். பெருச்சாளி வால் மாதிரி கறுப்பாக, வழவழவென்று, முடிவே இல்லாமல் வரும். அந்த நாற்றத்தில் பத்து நிமிடத்துக்கு மூக்கு வேலை செய்யாது. பட்டைக்கு எட்டாமல் உள்ளே வளைகுழாயில் அடைத்திருந்தால், சுருள்கம்பியை மேலே சொன்ன அந்தச் சுவர்த் துளை வழியாக விட வேண்டும், அதுதான் நேராக இறங்கும். கீழ்வாயில் விட்டால் உள்ளேயிருக்கிற டி வடிவ முக்கில் முட்டிக்கொண்டு நிற்கும். கழிப்பறையிலும் கைகழுவும் தொட்டியிலும் சேர்ந்தே தண்ணீர் ஏறினால் மட்டும் இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அது முடியின் வேலை இல்லை, பொதுக் குழாயே அடைத்திருக்கிறது.

எடுத்து முடித்ததும் கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டுவது தனி நரகம். மரை ஏறாது. ஏறினால் கோணலாக ஏறும். கோணலாக ஏறினால் தொட்டியில் தண்ணீர் நிற்காது. இத்தனை நேரம் தண்ணீர் போகவில்லை என்று அடித்துக்கொண்டவன், இப்போது நிற்கவில்லை என்று அடித்துக்கொள்ள வேண்டும்.

முடி பிடிக்கும் சல்லடை ஒன்று போட்டால் இதில் முக்கால்வாசித் தொல்லை வராது. வாங்கிப் போட்டிருக்கிறேன். குளித்து முடித்ததும் அதில் சேர்ந்ததைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டும், ஐந்து நொடி வேலை. செய்வார்களா? சல்லடையில் முடி சேர்ந்து தண்ணீர் மெதுவாகப் போகிறதாம், அதனால் சல்லடையையே எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுக் குளிக்கிறார்கள்.