ஒரு வேலி நிலமும் நூற்றிருபது மனையும்

பைபாஸுக்குக் கிழக்கே இருக்கிற ஒரு வேலி நிலத்தில் மனை போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து எங்கள் ஊரில் இரண்டே கட்சிதான். ஒன்று ‘ஊர் வளரட்டுமே, உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்’ கட்சி. இன்னொன்று ‘சோறு போடுற நிலத்தை அழிக்கலாமா’ கட்சி. டீக்கடை, ரேஷன் கடை வரிசை, கோயில் மண்டபம், எங்கே போனாலும் நீ எந்தப் பக்கம் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. ஏன் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே யாராவது குறுக்கே விழுந்துவிடுகிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு அந்த இடத்துக்கு மேலண்டைப் பக்கம் மூன்று மா இருக்கிறது. அதன் தண்ணீர் அந்த ஒரு வேலி வழியாகத்தான் வடிகிறது. ஆகவே நான் நடுநிலையாளன் எல்லாம் இல்லை, அப்படி நடிக்கவும் மாட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கு தெரியாதவர்களுக்கு: இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆக ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதில் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி மனையாகப் பிரித்தால் நூற்றிருபது தேறும். மா கணக்கில் வாங்கி சதுர அடிக் கணக்கில் விற்பதுதான் தொழிலே. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற சாலையை நான்கு வழியாக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் இதுதான் கதை. வயல் நடுவே ஒரு வளைவு, நாலு கலர் கொடி, ‘இஎம்ஐ வசதி உண்டு’ ஃப்ளெக்ஸ்.

சரி, முதல் கட்சிக்கு வருவோம். நூற்றிருபது வீடு வந்தால் மளிகைக்கடைக்கு வியாபாரம் கூடும், பஸ் கூடுதலாக வரும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்வார்கள் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் தெற்கு எல்லையில் 2010 வாக்கில் போட்ட மனையை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். அன்றைக்கு ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்றார்கள். மனைப்பிரிவுக்கு அப்படி ஒப்புதல் தரும் அதிகாரமே ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது என்பது வாங்கினவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான் தலையில் கை வைத்தார்கள். அப்புறம் 2017-இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது, சிலர் பணம் கட்டி நேர் பண்ணிக்கொண்டார்கள், பலர் விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அங்கே வீடு என்று பார்த்தால் ஐந்தோ ஆறோ. மிச்சம் முழுக்கச் சீமைக்கருவேலம். மஞ்சள் அடித்த கல் நின்ற இடம் ஆடு மேய்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். பிரசுரத்தில் ‘சிறுவர் பூங்கா’ என்று ஊஞ்சல் படமெல்லாம் போட்டிருந்த இடம் என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை, அதுவும் இரண்டு மனையாகி விலை போனது.

வாங்கினவர்களைக் குறை சொல்லவில்லை. சென்னையிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருந்து, பெண் கல்யாணத்துக்கு ஆகும் என்று நகைக்குப் பதில் மனையாக வாங்கிப் போட்டவர்கள். அவர்கள் யாரும் இங்கே வந்து குடியிருப்பதாகச் சொல்லவே இல்லை. மனை போட்டாலே ஊரில் ஜனம் பெருகிவிடும் என்று நாமாக எண்ணிக்கொண்டோம். அவ்வளவுதான்.

இரண்டாம் கட்சி என்னை ரொம்பவே எரிச்சல்படுத்துகிறது, ஏனென்றால் அந்த ஒரு வேலியை விற்கிற பெரியப்பாவை இவர்கள் துரோகி மாதிரி பேசுகிறார்கள். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு பையன்களும் வெளியூரில், இடுப்பு வலியோடு இனிமேல் வரப்பில் நடக்க முடியாது. ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டை முப்பத்தைந்து கண்டால் நல்ல மகசூல் என்போம். இருபத்தொரு குவிண்டால். 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்த விலை சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சம் வரும். அதில் உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை எல்லாம் கழியும். அதுவும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பாமல் இருந்தால், மழையில் மூட்டை முளைக்காமல் இருந்தால். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மனிதரிடம் போய் ‘மண்ணு தாய்ங்க’ என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேளச்சேரியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள், முகத்தில் விழிக்க வேண்டும்.

அந்த நிலத்தில் உண்மையிலேயே சாகுபடி செய்வது பெரியப்பா இல்லை, ஒரு குத்தகைக்காரர். அவருடைய அப்பா காலத்திலிருந்து செய்கிறார்கள். குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் இருக்கிறது, ஆனால் பதிவு செய்தால் நிலத்துக்காரர் மனம் கோணுவார் என்று செய்யவில்லை, காகிதத்தில் அவர் இல்லவே இல்லை. இந்த விற்பனையில் அவருக்கு என்ன கிடைக்கும் என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “என்ன தம்பி பண்றது, நெலம் அவங்களுது” என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு விஷயம், ‘இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே மனையே போட முடியாது’ என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டத்தில் தடை செய்திருக்கிற தொழில்களின் பட்டியலைப் பாருங்கள். எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, செம்பு உருக்குவது, தோல் பதனிடுவது, இந்த மாதிரிதான் இருக்கும். மனைப்பிரிவு அதில் இல்லை. மீத்தேனைத் தடுத்தார்கள், அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் டெல்டாவில் நஞ்சை கண்ணெதிரே கரைவது கல் ஊன்றுவதால்தான், அதை அந்தச் சட்டம் தொடவில்லை. நஞ்சையை மனையாக்க நில உபயோக மாற்றத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், வேளாண் துறையிடம் கருத்துக் கேட்பார்கள், உண்மைதான். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வருஷம் நிலத்தைச் சும்மா போட்டால் வி.ஏ.ஓ. எழுதும் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறிவிடும். தரிசை மனையாக்குவதில் என்ன தப்பு என்று கேட்க வேண்டியதுதானே.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு முக்கியமான விஷயம் இதுதான், ஊரில் யாரும் சரியாகப் பேசாத விஷயமும் இதுதான்.

டெல்டாவில் தண்ணீரைக் கொண்டுவருவதைவிட அதை வடியவைப்பது கஷ்டம். நிலம் தட்டையாக இருக்கும், வாட்டம் கண்ணுக்கே தெரியாது. ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து ‘சி அண்டு டி’ என்கிற சின்னக் கிளை வாய்க்கால், அப்புறம் வயலுக்கு வயல் மடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் என் வயல் தண்ணீர் மடை வழியாகப் பக்கத்து வயலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, இப்படியே போய்த்தான் வடிகாலில் விழும். புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், வாய்க்கால் புறம்போக்கு என்று கோடு போட்டிருப்பதை மனை போடுகிறவர்கள் விட்டாக வேண்டும், அதை அதிகாரிகளும் பார்ப்பார்கள். ஆனால் பட்டா நிலத்துக்குள்ளே மடைக்கு மடை போகிற தண்ணீருக்கு எந்தப் படத்திலும் கோடு கிடையாது. அது பாட்டன் காலத்திலிருந்து வாய்ப்பேச்சிலும் வழக்கத்திலும் இருப்பது. அந்த ஒரு வேலியில் நாலடிக்குக் கிராவல் கொட்டி மேடாக்கிவிட்டால் காகிதத்தின்படி எதுவுமே அடைபடவில்லை. நிஜத்தில் மேலண்டையில் இருக்கிற எங்கள் எல்லோர் தண்ணீரும் அங்கே முட்டி நிற்கும்.

தெற்கு மனையில் இது ஏற்கெனவே நடந்தது. ‘தண்ணி போக குழாய் வச்சிருக்கோம்ல’ என்றார்கள். வைத்தார்கள், சிமெண்டுக் குழாய், உள்ளே ஒரு ஆள் கையை முழங்கை வரை விட்டால் மண் தட்டும். முதல் மழைக்கே வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் போய் அடைத்துக்கொண்டது. அதற்கு மேலே இருக்கிற வயல்களில் சம்பா நட்டு இருபது நாள் பயிர், நுனி மட்டும் தெரிகிறது, தண்ணீர் சேறு கலரில் அசையாமல் நிற்கிறது. நாலாம் நாள் பயிரைப் பிடித்து இழுத்தால் வேர் அப்படியே கையோடு வருகிறது, ஒரு அழுகல் நாற்றம். ராத்திரியில் நாலு பேர் மண்வெட்டியோடு போய் சாலையை வெட்டிவிட்டார்கள். மறுநாள் போலீஸ், புகார், சமாதானக் கூட்டம். இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் அனுபவித்து வந்தால் அது பாத்தியதை என்று 1882-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறதாம். சொல்லட்டும். மூன்று மாவுக்காக முனிசீப் கோர்ட்டில் பத்து வருஷம் நடக்க யாரால் முடியும்?

இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒரு கூட்டம் ஊரில் இருக்கிறது. உண்மையிலேயே வீடு தேவைப்படுகிறவர்கள். கீழத்தெருவில் ஒரே மனைக்கட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது. அந்த மனைக்கட்டும் 1971 குடியிருப்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து விவசாயத் தொழிலாளிக்கு உரிமையாக வந்தது. அன்றைக்குத் தாத்தாவுக்குக் கிடைத்த அதே இடத்தில் இன்றைக்குப் பேரன்கள் தகரம் போட்டுத் தடுத்துப் படுக்கிறார்கள். சன்னதித் தெருவில் வேறு கதை, எல்லாம் கோயில் அடிமனை, வீடு நம்முடையது, மண் சாமியுடையது, பட்டா கிடையாது. கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கிறார்கள். ஆனால் இடம் உன் பெயரில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இடம் இருந்தால்தான் வீடு. பக்கத்தில் மனை போட்டு விலையை ஏற்றிவிட்டால் இவர்கள் இந்த ஜென்மத்தில் ஒரு சென்ட்கூட வாங்க முடியாது.

அக்டோபர் 11 கிராம சபையில் இந்தப் பேச்சு வந்தது. ஊராட்சி மன்றப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான் எல்லாம். நம் ஊரின் தலையெழுத்தை மாற்றுகிற ஒரு காரியம் வருகிற நேரத்தில் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு ஆள்கூட மேஜைக்கு அந்தப் பக்கம் இல்லை. இரண்டு கட்சியும் மாறி மாறிக் கத்தினார்கள். எங்கள் வீட்டுக்கு நடவுக்கு வருகிற அக்கா ஒருவர் எழுந்து, “ஐயா, நூத்தி இருவது மனை போடுறாங்கன்னு சொல்றீங்க, அதுல எங்க தெருவுக்கு ஒரு ரெண்டு கெடைக்குமா” என்று கேட்டார். சிரித்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே சிரித்தார்கள், அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான். மேஜையில் இருந்தவர் ‘மனு எழுதிக் கொடும்மா’ என்றார். தீர்மான நோட்டில் அந்தக் கேள்வி ஏறவில்லை, நான் பார்த்தேன்.

ஆக என் நிலை இதுதான். பெரியப்பா விற்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் மனை போடுவதற்கு முன்னால் மேலண்டைத் தண்ணீர் போக, குழாய் இல்லாமல், திறந்த வாய்க்காலாக, வரைபடத்திலேயே இடம் விட்டு ஊராட்சி பெயருக்கு எழுதித் தர வேண்டும். பூங்காவுக்கான பத்து சதவீதம் தானப்பத்திரமாகப் பதிவாகி, அதன் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், பிரசுரத்தில் படம் போட்டால் போதாது. அதோடு, கீழத்தெருவுக்கு இலவச மனைப்பட்டா கொடுக்க அரசே இடம் வாங்க வேண்டும். அதற்கு 1978-லிருந்து ஆதிதிராவிடர் நலத்துக்கென்று தனி நில எடுப்புச் சட்டமே இருக்கிறது. இது மூன்றும் நடக்காமல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) நம்பர் வந்துவிட்டது, ரேரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் வந்துவிட்டது என்று காட்டினால் நான் எதிர்ப்பேன். கிராம சபைத் தீர்மானத்தை வைத்து மனைப்பிரிவை நிறுத்திவிட முடியாது என்று வக்கீல் ஒருவர் சொன்னார், இருக்கட்டும், எழுத்தில் இருப்பது ஒரு நாள் உதவும்.

வெளியூரிலிருந்து இங்கே மனை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சைட் பார்க்க சித்திரையில் ஏசி வண்டியில் கூட்டிவருவார்கள். அப்போது வராதீர்கள், கார்த்திகையில் நீங்களாக பஸ் பிடித்து வாருங்கள்.

அடுத்த கிராம சபை ஜனவரி 26. அதற்குள் கிழக்கு வயல்களின் மடைகளை எல்லாம் ஒரு படமாக வரைந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று நானும் குத்தகைக்காரரும் பேசிவைத்திருக்கிறோம். எந்த வயல் எந்த மடையில் வடிகிறது என்று தெரிந்த பெரியவர்கள் நாலைந்து பேர்தான் இப்போது நடமாட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கையோடு கூட்டிவர முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மதகடிக்கு வாருங்கள். டேப்பும் புலப்பட நகலும் என்னிடம் இருக்கிறது, சர்வே நம்பர் படிக்கத் தெரிந்த ஒரு பையன் வேண்டும்.