கல்ச்சரில் வளராத கிருமி

ரத்தக்குழாய்த் தொற்றில் கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) கைவிடும்போது, கிருமியின் மரபணுப் பரிசோதனை உதவும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவிய க்யூ காய்ச்சலையும் சேர்த்திருக்கலாம். அதன் கிருமி காக்ஸியெல்லா செல்லுக்குள் பெருகுவது. ஆய்வகத்தின் வழக்கமான தட்டில் வளராது. பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள், செயற்கை ரத்தக்குழாய் பொருத்தியவர்கள் சிலருக்குக் காய்ச்சல் போய் வருடங்கள் கழித்தும் அது தலைகாட்டியது. ரத்தத்திலோ வெட்டியெடுத்த திசுவிலோ பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனை) செய்தும், ஆன்டிபாடி பார்த்தும்தான் பிடித்தார்கள்.

அதற்காகக் கல்ச்சரைத் தூக்கிப் போட முடியாது (கட்டுரை இதைத் தொடவே இல்லை). 16எஸ் பரிசோதனை (பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் உள்ள ஒரு மரபணுவைப் படித்து இனம் காண்பது) கிருமியின் பெயரைச் சொல்லும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லாது. போதாததற்கு, செத்த கிருமியின் டிஎன்ஏவையும், மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதையும் சேர்த்தே காட்டிவிடும்.