ஆம்ப் அப்புறம் வாங்கலாம்

பேஸ் கிட்டார் கையில் எடுத்த தம்பிகள் இன்பாக்ஸில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, பற்றியதுதான். "அண்ணா, எந்த ஆம்ப் வாங்கலாம்?" வியாசர்பாடியிலிருந்து கேட்டாலும் சரி, காசிமேட்டிலிருந்து கேட்டாலும் சரி, இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிலர் அதோடு பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஆம்ப் இல்லாமல் டோன் (ஒலியின் குணம்) எப்படி வரும் என்று சண்டைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் தொழில்முறை வாசிப்பாளன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச், ஆடி மாசம் அம்மன் கோயில் மேடை, நடுவில் யாராவது கூப்பிட்டால் கல்யாண ரிசப்ஷன். அவ்வளவுதான் என் உலகம். அந்த அளவில் வாசிப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நாலு கம்பி பேஸில் தடிமனான கம்பி ஈ. அதைத் திறந்து அடித்தால் நொடிக்கு 41 அதிர்வு. அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. ஐந்து கம்பி வைத்திருந்தால் கீழே ஒரு பி, அது 31. இந்த 41 ஹெர்ட்ஸைக் காற்றில் ஒழுங்காகத் தள்ள வேண்டுமென்றால் பெரிய ஸ்பீக்கர், பெரிய பெட்டி, தாராளமான வாட்ஸ் மூன்றும் வேண்டும். எட்டு இன்ச் ஸ்பீக்கர் போட்ட பிராக்டிஸ் ஆம்பில் அது வராது. பத்து இன்ச்சிலும் பெயருக்குத்தான் வரும்.

அப்படியானால் டீக்கடை ரேடியோவில் எப்படிக் கேட்டது? உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். அதில் 41-உம் இல்லை, 55-உம் இல்லை. ஆனால் இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் ஓட்டத்தை நாமெல்லாம் அந்த ரேடியோவில்தான் கேட்டு மனப்பாடம் செய்தோம். சரணத்துக்கு நடுவில் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரு முனையில் நின்றே வாயால் பாடிக் காட்டும் ஆட்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

காரணம் நம் காது. ஈ கம்பியை அடித்தால் 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். அந்த மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடியில் இருக்கும் 41-ஐ மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஆக, பேஸ் என்ன ஸ்வரம் வாசிக்கிறது என்று கேட்பவருக்குப் புரிய வைப்பது அடி ஆழத்து அதிர்வு இல்லை. அதற்கு மேலே, ஏறக்குறைய 100-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான். சுருக்கமாகச் சொன்னால் மிட்.

நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். ஆம்பை ஆன் செய்ததும் பேஸ் நாப் (அடிச் சத்தத்தைக் கூட்டும் திருகு) முழுசாக வலது பக்கம், மிட் பாதிக்குக் கீழே, ட்ரெபிள் கொஞ்சம் மேலே. வீட்டில் தனியாக வாசித்தால் ஆளை மயக்கும் சத்தம் அது, மறுக்கவில்லை. அப்படியே கானா மேடைக்கு எடுத்துப் போங்கள். டோலக்கின் இடது கை கும் கும் என்று அடியில் உட்கார்ந்திருக்கும். ரிதம் பேடில் கிக் டிரம் சத்தமும் அதே இடத்தில். கீபோர்டு அண்ணன் இடது கையை சும்மா வைத்திருக்க மாட்டார், அவரும் அங்கேதான். இத்தனை பேருக்கும் நடுவில் மிட்டை வெட்டிய பேஸ் நுழைந்தால் மொத்தமும் ஒரே இரைச்சலாகிவிடும். "பேஸ் கேக்கலையே" என்று பாடகர் திரும்பிப் பார்ப்பார். நம்மாள் பேஸ் நாபை இன்னும் திருப்புவார். அது ஏற்கெனவே முழுசாகத் திரும்பியிருக்கும்.

அடுத்த முறை கேட்கவில்லை என்றால் மிட்டைத் தூக்குங்கள், பேஸ் நாபைக் குறையுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது மாதிரி அசிங்கமாக இருக்கும். கூட்டத்தில் அதுதான் நிற்கும்.

இனி அறை. வீட்டில் டோன் சரியில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு ஆம்ப் மேல் குறையே இல்லை, அறைதான் வில்லன். நம் பக்கத்தில் வீட்டு அறை பத்துக்குப் பத்து இருந்தாலே பெரிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி என்றால் அங்கே அடைபட்டு நின்று அதிரும் அலை 57 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். திறந்த ஏ கம்பி 55, அதற்கு அடுத்த பி ஃபிளாட் 58. எனவே இந்த இரண்டும் வீட்டையே தூக்கும், கீழே ஈ பக்கம் போனால் சத்தம் காணாமல் போகும். சதுர அறை என்றால் இரண்டு ஜோடிச் சுவரும் ஒரே அலையைத் தூக்குவதால் இன்னும் கொடுமை. அறை நடுவில் நின்றால் அந்த ஸ்வரம் மெலியும், சுவரோரம் போனால் வீங்கும். ஆம்பை மூலையில் தள்ளி வைத்தால் அடிச் சத்தம் மொத்தமும் ஊதிப்போகும். இடமில்லாததால் நாம் எல்லோரும் மூலையில்தான் வைக்கிறோம்! இது தெரியாமல் ஒருவர் ஆம்பை விற்றுவிட்டு வேறு ஆம்ப் வாங்கினார். அதுவும் அதே மூலையில் அதே மாதிரி உறுமியது. போதாக்குறைக்கு, தாழ்ந்த சத்தம் சுவரைச் சுலபமாகக் கடக்கும். பாட்டு கேட்காத பக்கத்து வீட்டு ஆயாவுக்கு உங்கள் ஏ கம்பி மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அதனால்தான் முதலில் ஹெட்போன் என்கிறேன். ஜூம் பி1 ஃபோர் மாதிரி சின்ன எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்று இருந்தால் ஆம்ப் மாடல், ட்யூனர், ரிதம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நாலு பென்சில் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. காதுக்குள் சொருகும் போன் இயர்போன் வேண்டாம், காதை மூடும் ஹெட்போன் நல்லது. அறையின் பொய் இல்லாமல் உங்கள் விரல் என்ன செய்கிறது என்று அதில்தான் தெரியும்.

ஆம்ப் இல்லாமல் டோன் ஏது என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு பேஸ் வாசித்தவர். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதில் தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய, வழுவழுப்பான) கம்பி, வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆம்ப் வைக்காமல் நேராக மிக்சிங் கன்சோலில் சொருகித்தான் பதிவு செய்தார்கள். உலகம் முழுக்க பேஸ்காரர்கள் இன்றைக்கும் துரத்தும் டோன் அது. விரல் கம்பியை எங்கே தொடுகிறது என்பதிலேயே பாதி டோன் முடிந்துவிடும். பிரிட்ஜ் (கம்பி உடல் பக்கம் முடியும் இடம்) ஓரமாக அடித்தால் இறுக்கமாக, கடிக்கிற மாதிரி வரும். நெக் (கழுத்து) பக்கம் போனால் உருண்டையாக, மெத்தென்று வரும். இதற்குக் காசே செலவில்லை, அதனாலோ என்னவோ யாரும் மதிப்பதில்லை.

காசு செலவழித்தே தீர வேண்டுமென்றால் கம்பிக்கும் செட்டப்புக்கும் செலவழியுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கும் நமக்கு இது கூடுதல் தொல்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றில் புதுக் கம்பி சீக்கிரமே கருத்து, தொட்டால் சொரசொரவென்று ஆகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் சேர்த்துத் துடைக்க வேண்டும். பளிச்சென்ற சத்தம் வேண்டுமா, ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது). அது பழசானால் செத்துவிடும். ஃபிளாட்வவுண்ட் விலை அதிகம்தான், ஆனால் பழசாகப் பழசாக நன்றாக இருக்கும். பழைய பாட்டு, சர்ச் பாட்டு வாசிப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்கு இறங்கிக் கொஞ்ச நாள் பளபளக்கும். செய்யலாம், ஆனால் குழம்பு வைக்கும் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.

செட்டப் என்றால் நெக் வளைவு, கம்பி உயரம், இன்டனேஷன் (எல்லா இடத்திலும் ஸ்வரம் சரியாக விழுவது) மூன்றும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் கட்டை லேசாக நகரும். நேற்று வரை சுத்தமாக ஒலித்த இடத்தில் ஃபிரெட் (நெக்கின் குறுக்கே இருக்கும் உலோக மேடு) கடகடவென்று அடிக்க ஆரம்பிக்கும். நெக்குக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். பயமாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். விலை குறைந்த ஸ்கொயர், யமஹா, கோர்ட் எதுவானாலும் நல்ல செட்டப்பும் புதுக் கம்பியும் போட்டால் வேறு கிட்டார் மாதிரி ஆகிவிடும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். ஜாக்கில் கேபிள் இருக்கும் வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

மேடைக்கு டிஐ பாக்ஸ். பேஸிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதை நீள கேபிளில் மிக்சர் வரை இழுத்தால் வழியில் இருக்கும் சீரியல் லைட் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். டிஐ அதை பேலன்ஸ்டு (இரைச்சல் எளிதில் ஒட்டாத) சிக்னலாக மாற்றி அனுப்புவதால் அந்தத் தொல்லை குறையும். நம் மேடைகளில் ஜனங்கள் கேட்பது உங்கள் ஆம்பை இல்லை, சவுண்ட் சர்வீஸ்காரரின் பாக்ஸைத்தான். ஒரு ஆடி மேடையில் என் சேனலை சப் பாக்ஸுக்கு (அடிச் சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர்) மட்டும் அனுப்பிவிட்டு, டாப்பில் (மற்றச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) சுத்தமாக மூடிவிட்டார்கள். முன் வரிசையில் இருந்தவர்களுக்கு வயிறு அதிர்ந்தது, நான் எந்த ஸ்வரத்தில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதிலிருந்து, ஆரம்பிக்கும் முன்னாலேயே போய் சொல்லிவிடுவேன்: "அண்ணே, பேஸை டாப்லயும் குடுங்க, 40-க்குக் கீழ வெட்டிடுங்க, 250 கொஞ்சம் கொறைங்க, 800 லேசா ஏத்துங்க." ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னால் நிச்சயம் செய்வார்கள்.

சரி, ஆம்ப் எப்போது வேண்டும்? நிஜ டிரம்ஸ் செட்டோடு ஒரே அறையில் வாசிக்க ஆரம்பிக்கும்போது. அப்போது 15, 20 வாட்ஸ் போதாது, 100-லிருந்து தொடங்குங்கள். ஃபெண்டர் ரம்பிள் 100 அந்த ரகம், 12 இன்ச் ஸ்பீக்கர். வாட்ஸை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது, 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே 40-ஐ விற்றுவிட்டு 60 வாங்குவது வீண் செலவு. 1969-இல் ஆம்பெக் கம்பெனி எஸ்விடி என்று ஒன்று கொண்டுவந்தது. 300 வாட்ஸ், வால்வு ஆம்ப், பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு. ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்து 100 கிலோ பக்கம். அருமையான சத்தம்தான், ஹவுசிங் போர்டு மூணாவது மாடிக்கு யார் தூக்குவது? இப்போது கிளாஸ் டி என்ற வகை ஆம்ப் ஹெட் மூன்று கிலோவுக்குள் வந்துவிட்டது. பைக்கில் மாட்டிக்கொண்டு போகலாம்.

பழைய கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகிச் சத்தமாக வாசிக்காதீர்கள், அந்த ஸ்பீக்கர் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) இந்த ஆட்டத்துக்குச் செய்யப்பட்டதில்லை. எட்டு ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டைப் பேரலலாக மாட்டினால் நாலு ஓம் ஆகும். ஆம்ப் பின்னால் நாலு ஓம் வரை இறங்கலாம் என்று எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

எர்த் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். நம் பழைய வீடுகளில் எர்த் பாயிண்ட் பெயருக்குத்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரும், அங்கே ஜி 49. கேட்கவே எரிச்சலாக இருக்கும். இரைச்சல் போக வேண்டுமென்று மூணு பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிப் போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் உடம்பு வழியாகத்தான் கரண்ட் பாயும். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் டெஸ்டரால் மைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைக் கொண்டுபோக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் ஆம்ப் பார்க்கப் போனால் உங்கள் பேஸையே எடுத்துப் போங்கள். ஒவ்வொரு நாபையும் மெதுவாக முழுச் சுற்று திருப்புங்கள், கரகரவென்றால் அது தூசி, ஸ்பிரே அடித்தால் போய்விடும், பேரம் பேச உதவும். ஈ கம்பியிலிருந்து மேலே ஒவ்வொரு ஃபிரெட்டாக, கொஞ்சம் சத்தமாக ஏறுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரத்தில் மட்டும் பெட்டி சலசலத்தால் ஸ்குரூவோ கிரில்லோ தளர்ந்திருக்கும், முடுக்கிக்கொள்ளலாம். எல்லா ஸ்வரத்திலும் ஒரு கிழிசல் சத்தம் கூடவே வந்தால் கோன் போய்விட்டது. விற்பவர் "கொஞ்ச நேரம் ஓடுனா தானா சரியாகிடும் ப்ரோ" என்பார். அவரிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டு பேஸை உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.