பிரிப்பதற்கு முன் பசையைப் பாருங்கள்

உங்கள் பதிவில், வண்டியின் ஹெட்லைட்டை ஓவனில் சூடாக்கிப் பிரித்து உள்ளே கறுப்பு பெயின்ட் அடிக்கும் முறையை நன்றாகவே விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் எல்லா ஹெட்லைட்டும் சூட்டுக்கு இளகிவிடாது. பியூட்டைல் என்ற ரப்பர் போன்ற பசையால் ஒட்டியிருந்தால் சூயிங்கம் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். இறுகிய பின் இளகவே இளகாத பசை போட்டவையும் உண்டு. அவற்றைச் சூடாக்கி நெம்பினால் விளிம்புதான் உடையும். முதலில் ஓரத்தில் பசையை அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் மட்டும் மேற்கொண்டு போகலாம்.

பெயின்ட் வெளிவளையத்தோடு நிற்கட்டும். பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கக்கூட வேண்டாம், அந்தப் பளபளப்புப் பூச்சு அவ்வளவு மெல்லியது.

கடைசியில் 'அப்படியே எல்இடி பல்பும் மாட்டிவிடலாம்' என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. இழை சூடாகி ஒளிரும் ஹாலஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டர், அந்த இழை எங்கே இருக்கிறதோ அதை வைத்து வடிவமைக்கப்பட்டது. எல்இடி சில்லு அதே இடத்தில், அதே அளவில் இல்லையென்றால் ஒளி சிதறி மேலே எகிறும். வண்டிக்கு முன்னால் பளிச்சென்று இருப்பதால் ஓட்டுபவருக்குச் சந்தோஷம். தூரத்தில் சாலையில் விழும் வெளிச்சமோ குறைந்திருக்கும். எதிரே வருகிறவர் கண் கூசித் தடுமாறுவார். பல நாடுகளில் இது சட்டப்படியும் செல்லாது.

திரும்ப ஒட்டும்போது பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பின்பக்கம் உள்ள காற்றுத் துளையைச் சேர்த்து அடைத்துவிடாதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மாட்டியதும் சுவரில் வெளிச்சம் அடித்து ஒளியின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்.