சிப்ஸ் பாக்கெட்டும் எட்டு போலீஸ் கார்களும்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன். ஆள் வந்தால் போனில் மணி அடிக்கும் என்று சொல்லி விற்றார்கள். முதல் வாரமே ராத்திரி இரண்டு மணிக்கு 'மனித நடமாட்டம்' என்று அலறியது. தூக்கக் கலக்கத்தில் எடுத்துப் பார்த்தால், கொடியில் கிடந்த என் லுங்கி காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் மழைக்காலம் வந்தது, லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை பின்னியது. ஒரே ராத்திரியில் நாற்பது தடவை 'ஆள்' வந்தார். மறுநாள் அந்தச் சத்தத்தையே அணைத்துவிட்டேன். இனி நிஜத் திருடன் வந்தாலும் கேமரா தன் கடமையைச் செய்யும், நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

லுங்கியை ஆள் என்று நினைத்ததால் எனக்குப் போனது அரை மணி நேரத் தூக்கம். அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் ஏ.ஐ. மென்பொருளை வைத்துக் கேமராக்களுக்குத் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே கணக்கு வேறு.

2025 அக்டோபர் 20, மேரிலாந்து மாநிலம், பால்டிமோர் கவுன்டி, கென்வுட் உயர்நிலைப் பள்ளி. 16 வயதுக் கறுப்பின மாணவன் ஒருவன் ஃபுட்பால் பயிற்சி முடிந்து, வீட்டுக்குப் போக வண்டி வரட்டும் என்று நண்பர்களோடு வெளியே உட்கார்ந்திருக்கிறான். டொரிட்டோஸ் சிப்ஸ் தின்றுவிட்டு, காலி பாக்கெட்டைக் கசக்கிச் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ திணித்துக்கொள்கிறான். இருபது நிமிடம் இருக்கும், எட்டு போலீஸ் கார்கள் வந்து நிற்கின்றன. துப்பாக்கியை நீட்டி, மண்டியிடச் சொல்லி, கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டுகிறார்கள். சோதித்தால் ஒன்றுமில்லை. பிறகுதான் கேமரா எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு கையாலும் பாக்கெட்டைப் பிடித்திருக்கிறான், ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

ஏ.ஐ.யைக் கிண்டல் செய்ய இதைவிடத் தோதான செய்தி கிடைக்காது. மீம் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் சிரித்தேன். விவரமாகப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் மிஷின் 'துப்பாக்கி' என்று அனுப்பிய எச்சரிக்கையை மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். பள்ளி நிர்வாகத்தின் பாதுகாப்புப் பிரிவு படத்தைச் சரிபார்த்து, ஆயுதம் இல்லை என்று முடிவுசெய்து, எச்சரிக்கையை ரத்தும் செய்துவிட்டது. ரத்தான விஷயம் பிரின்சிபாலுக்குத் தெரியவில்லை. அவர் பள்ளியில் இருக்கும் காவல் அதிகாரியிடம் சொல்ல, அந்த அதிகாரி உள்ளூர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். 'துப்பாக்கி' என்ற சொல் ஓடிய வேகத்துக்கு 'இல்லையாம்' ஓடவில்லை.

இது மிஷின் கொண்டுவந்த புது வியாதியும் இல்லை. 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸுக்குப் போன் செய்தவர், அது பொம்மையாகத்தான் இருக்கும், ஆளும் சின்னப் பையன் மாதிரி இருக்கிறான் என்று சேர்த்தே சொன்னார். கண்ட்ரோல் ரூமிலிருந்து ரோந்து காருக்குப் போவதற்குள் அந்த இரண்டும் உதிர்ந்துவிட்டன. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டார்கள். பையன் மறுநாள் இறந்துபோனான். அன்றைக்கு எச்சரிக்கை கொடுத்தது கேமராவும் இல்லை, ஏ.ஐ.யும் இல்லை.

பால்டிமோர் விஷயத்தில் மென்பொருளைக் கொடுத்த ஆம்னிலெர்ட் நிறுவனம், தவறான எச்சரிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. கூடவே, வடிவமைத்தபடிதான் எல்லாம் வேலை செய்தது என்றும் சொன்னது. படித்ததும் கோபம் வந்தது. ஆனால் ஒரு வகையில் சரிதான். துப்பாக்கி மாதிரி எது தெரிந்தாலும் கூவு, மிச்சத்தை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கேமராக்கள் வைத்து, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை ஏமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மூன்று பொய் எச்சரிக்கை. அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் அவரும் என்னைப்போல ஆகிவிடுவார், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் போலீஸுக்குத் தள்ளிவிடுவார்.

சரி, நிஜத் துப்பாக்கி வந்தபோதாவது பிடித்ததா? 2025 ஜனவரி 22, நாஷ்வில் நகரின் ஆன்டியாக் உயர்நிலைப் பள்ளி. அதே நிறுவனத்தின் மென்பொருள்தான். 17 வயது மாணவன் சாப்பாட்டுக் கூடத்தில் 17 வினாடிகளில் 10 முறை சுட்டான். 16 வயது மாணவி ஒருத்தி செத்துப்போனாள், அவனும் தன்னையே சுட்டுக்கொண்டான். கேமரா இருந்த இடமும் அவன் நின்ற இடமும் ஒத்துவராததால் மிஷினுக்குத் துப்பாக்கி தெரியவில்லை. அதன் பிறகு ஓடிவந்த போலீஸார் கையிலிருந்த துப்பாக்கியைச் சரியாகக் கண்டுபிடித்தது! இடுப்பில் சொருகியிருப்பதையும் பைக்குள் இருப்பதையும் இந்தக் கேமராவால் பார்க்கவே முடியாது. வெளியே எடுத்தால்தான் தெரியும். எடுத்த பிறகு மிஞ்சுவது வினாடிகள்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பயந்துகொண்டே இருக்கும் அமெரிக்கப் பெற்றோர், எதையாவது மாட்டித் தொலையுங்கள் என்று கேட்பது புரிகிறது. டெக்சாஸ் மாநிலம் உவால்டேயில் 2022இல் பள்ளிக்குள் ஒருவன் சுட்டதில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். ஆனால் அங்கே உள்ளே துப்பாக்கி இருப்பது தெரியாமலா போனது? 376 போலீஸார் வந்து குவிந்தும் வகுப்பறைக்குள் போக 77 நிமிடம் ஆனது.

கேமராவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண்ணை வெட்டிக் கொன்றபோது நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லாமல் போலீஸ் தடுமாறியதை நாம் பார்த்தோம். நடந்ததைச் சொல்லும் சாட்சி என்ற அளவில் கேமரா வேண்டும். நடக்கப்போவதைச் சொல்லும் ஜோசியராக அதை உட்காரவைக்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. (நம்மூரில் அரிவாளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் முதலில் மண்டியிடப்போவது இளநீர் வண்டிக்காரர்.) அப்படியே மாட்டுவதானாலும், எச்சரிக்கை போகும் அதே கம்பியில், அதே ஆட்களுக்கு, ரத்தும் போயாக வேண்டும். வாங்கும் ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதை எழுதச் சொல்வேன்.

அந்தப் பால்டிமோர் பையன் இப்போது பயிற்சி முடிந்ததும் வெளியே உட்காருவதில்லையாம். வெளியே நின்று சிப்ஸ் தின்னவோ ஏதாவது குடிக்கவோ பயமாக இருக்கிறது, அதனால் வண்டி வரும்வரை பள்ளிக்குள்ளேயே இருந்துவிடுகிறேன் என்று செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறான்.